கடலூர்–புதுச்சேரி ஓட்டத்துக்கு எந்த மின் கார்? கர்வ், க்ரெட்டா, வின்ட்சர்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 50 கி.மீ. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவரை, அங்கே விலை குறைவு என்பதால், திரும்பும்போது முள்ளோடை எல்லையைத் தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். மின் வண்டிக்கு மாறலாம் என்று வீட்டில் முடிவானபோது மூன்று பெயர்கள் மிஞ்சின: டாடா கர்வ் இவி, ஹூண்டாய் க்ரெட்டா எலக்ட்ரிக், எம்.ஜி. வின்ட்சர். வாங்கியது 55 கிலோவாட் அவர் (அதாவது 55 யூனிட் மின்சாரம் கொள்ளும்) பேட்டரி உள்ள கர்வ். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வின்ட்சரை முதலில் முடித்துவிடுகிறேன். 2024-இல் வந்தபோது பேட்டரியோடு 13.5 லட்சம்; பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் தனி. மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் வாடகையே 5,250 ரூபாய், கரன்ட் செலவு அதற்கு மேல். என்னைப் போலத் தினமும் ஓடுபவருக்கு இது ஒத்துவராது. பின்சீட்டு சோபா மாதிரி நன்றாகச் சாய்கிறது, 604 லிட்டர் டிக்கி, ஊருக்குள் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் 38 கிலோவாட் அவர் பேட்டரியை வைத்துக்கொண்டு சென்னை போய்த் திரும்புவதென்றால் வழியில் எங்காவது சார்ஜ் போட்டே ஆகவேண்டும்.

மீதி இரண்டும் வசதிகளில் கிட்டத்தட்ட சமம். மேல் வேரியன்ட்களில் பனோரமிக் சன்ரூஃப், குளிர்காற்று வரும் முன்சீட்டு, 360 டிகிரி கேமரா, அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதிகள்) எல்லாம் இரண்டிலும் உண்டு. வேகத்தில் க்ரெட்டா ஒரு படி மேல்: மணிக்கு நூறு கி.மீ. வேகத்தைத் தொட அதற்கு 7.9 விநாடி, கர்வுக்கு 8.6. வெளியில் வேகச் சார்ஜ் போடும்போது கர்வ் முந்துகிறது: பத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு 40 நிமிடம் என்கிறார்கள், க்ரெட்டாவுக்கு 58. தொடக்க விலை, அறிமுகமானபோது கர்வ் 17.49 லட்சம், க்ரெட்டா 17.99. இந்த வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பேட்டரிதான். வண்டியின் விலையில் பெரும் பங்கு அதற்குள் இருக்கிறது. இரண்டும் லித்தியம் பேட்டரிதான்; ஆனால் கர்வில் இருப்பது எல்.எஃப்.பி. (இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது) வகை, க்ரெட்டாவில் இருப்பது என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்தது) வகை. என்.எம்.சி. எடை குறைவு, அதே இடத்தில் அதிக மின்சாரத்தை அடக்கும். ஆனால் தினப்படிக்கு எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது அதன் ஆயுளுக்கு நல்லது. எல்.எஃப்.பி.யை நூறு வரை ஏற்றலாம். அப்படி அவ்வப்போது முழுசாக ஏற்றினால்தான் மீதி எவ்வளவு என்று மீட்டரும் சரியாகக் காட்டும். சூட்டையும் நன்றாகத் தாங்கும். சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் உத்தரவாதம். க்ரெட்டாவின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. கர்வுக்கு 2025-இல் முதல் உரிமையாளருக்கு 15 ஆண்டு என்று அறிவித்தார்கள், கிலோமீட்டர் வரம்பும் கிடையாது. விற்றுவிட்டால் அடுத்தவருக்கு அதே 8 ஆண்டுக் கணக்குதான். ஆகவே இந்தச் சலுகையின் பலன் வண்டியைக் கடைசிவரை வைத்திருப்பவருக்கே. எங்கள் வீட்டில் ஒரு வண்டி வாங்கினால் பத்து வருடத்துக்குக் குறையாமல் ஓடும். நாலைந்து வருடத்தில் கைமாற்றுகிறவர் என்றால் க்ரெட்டா என்ற பெயருக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பு உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் மின் க்ரெட்டா 2025-இல் வந்த வண்டி, பழைய வண்டிச் சந்தையில் அதன் விலை இனிமேல்தான் தெரியும்.

கரன்ட் பில்லையும் சொல்லிவிட வேண்டும். என் கர்வ் ஒரு முழு சார்ஜில் 585 கி.மீ. போகும் என்று அறிமுகத்தில் சொன்னது சோதனைக் கணக்கு. நடப்பில் 400 முதல் 425 வரை என்று டாடாவே சொல்கிறது. அதன்படி யூனிட்டுக்கு ஏழு கி.மீ. என்று வைத்தால், மாதம் 1,250 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 360 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் இது சேர்ந்தால் பில் 500 யூனிட்டைத் தாண்டி, கட்டணம் கூடிய மேல் படிக்குப் போய்விடும். எந்த மின் வண்டி வாங்கினாலும் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

க்ரெட்டா ஜெயிக்கும் இடம் பின்சீட்டு. கர்வின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். அப்பா ஏறும்போது குனிந்துதான் ஏறுகிறார். வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி பின்னால் உட்காருவார்கள் என்றால் க்ரெட்டாவே மேல், தயங்க வேண்டாம். நான் அதை டெஸ்ட் டிரைவில் மட்டுமே ஓட்டினேன். சர்வீஸ் எப்படி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

நம் பக்கத்துக்கென்று இன்னொன்று. 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல நாள் கரன்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டு வண்டியிலிருந்தும் மின்சாரம் எடுத்து ஃபேன், விளக்கு, போன் சார்ஜர் ஓட்டலாம். இந்த வசதி எந்த வேரியன்டில் வருகிறது என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கூடவே பேட்டரி உத்தரவாத நிபந்தனைகளையும் எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள். சொந்த உபயோகப் பதிவுக்கு மட்டுமா, எந்த இடைவெளியில் சர்வீஸ் விடவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.