வயதைக் காட்டிப் பழைய ஹெலியை விற்கிறார்கள்: ஆர்.சி. ஹெலிகாப்டர் கற்க நினைக்கும் பெரியவர்கள் கவனத்துக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 'பயிற்சியோடு சேர்த்து முழு செட்' என்று விற்கிற ஒருவரிடம் 46,000 ரூபாய் கொடுத்தேன். கைக்கு வந்தது எங்கேயோ விழுந்து நொறுங்கி, மறுபடி பூட்டப்பட்ட ஹெலி. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது ஆடிய ஒவ்வொரு முறையும் என் வயதைக் காரணம் காட்டினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கு வயது 63. ஊர் கோவை. பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்த்தவன். இரட்டை விசிறி வைத்த சின்ன கோஆக்ஸியல் ஹெலியை வீட்டு ஹாலில் ஓட்டிப் பழகியிருந்தேன். அதில் மேல் விசிறி ஒரு பக்கமும் கீழ் விசிறி எதிர்ப்பக்கமும் சுற்றுவதால் திருகு விசை தானாகவே ஈடாகிவிடும். கையை விட்டாலும் பெரும்பாலும் நிலையாக நிற்கும். அடுத்த படியாக என்ன வாங்கலாம் என்று கேட்கத்தான் அவரிடம் போனேன்.

நல்ல பயிற்சியாளர் யாராக இருந்தாலும் முதலில் கணினியில் சிமுலேட்டர், அப்புறம் ஒற்றை விசிறி வைத்த, பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) மாறாத குட்டி ஹெலி என்றுதான் சொல்வார். இவர் நேராக '450' என்ற அளவு வகையில், பறக்கும்போதே பிளேடுகளின் கோணத்தை மாற்றி ஓட்டுகிற கலெக்டிவ் பிட்ச் ஹெலியை எடுத்து வைத்தார். "சின்னது உங்க கண்ணுக்குத் தெரியாதுங்க சார், பெரியவங்களுக்குப் பெரிசுதான் சரி" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. பெரிய ஹெலி காற்றில் நிதானமாக நிற்கும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். அவர் சொல்லாமல் விட்ட மீதி இதுதான்: 450-இல் ஒவ்வொரு பிளேடும் 325 மில்லிமீட்டர் நீளம். நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். 2013-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்கா ஒன்றில், இதைவிடப் பெரிய ஆர்.சி. ஹெலி ஓட்டிய 19 வயது இளைஞர் தன் ஹெலியே மோதி இறந்துபோனார். அவர் புதியவர்கூட இல்லை, பழகிய கை. இதையெல்லாம் சொல்லாமல் புதியவர் கையில் 450-ஐக் கொடுப்பது பெரிய தவறு.

'பட்டி' (buddy) கேபிள் போட்டுச் சொல்லித் தருவதாகச் சொன்னார். இரண்டு ரேடியோக்களை இணைத்து வைத்தால், நாம் தடுமாறும்போது பயிற்சியாளர் ஒரு ஸ்விட்ச்சைத் தட்டிக் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்துக் கற்பதன் அர்த்தமே அதில்தான் இருக்கிறது. அந்தக் கேபிள் கடைசி வரை வரவில்லை. ரேடியோவை என் கையில் கொடுத்துவிட்டு அவர் போனில் பேசிக்கொண்டிருப்பார்.

ஹெலி முழங்கால் உயரத்துக்கு மேல் போனதில்லை. கிளம்பும்போதே வால் உதறும், தரையை விட்டதும் முழு உடம்பும் ஆடும். "கை நடுங்குதுங்க சார், வயசுக்கு அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்பார். அப்புறம் நடுக்கத்தைச் சமாளிக்க 9,000 ரூபாய்க்கு வேறு கைரோ (வால் திரும்பாமல் பிடித்து வைக்கும் கருவி) போடலாம், கூடுதலாகப் பத்து வகுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற என் மகனிடம், "அப்பாவுக்கு டாக்டரைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நாற்பது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த கையைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

அன்று ஹெலியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மெயின் பிளேடு, வால் பிளேடு எல்லாவற்றையும் கழற்றினேன். ஹெலியைப் பலகையில் கட்டி, ரேடியோவை மேசையில் வைத்து, த்ராட்டிலை (வேகக் கட்டுப்பாட்டை) பாதியில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். யாரும் தொடாத ரேடியோ, பிளேடே இல்லாத ஹெலி. அப்போதும் வால் ஃபின் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு அதிர்ந்தது. கையில் நடுக்கமா, இயந்திரத்தில் கோளாறா என்று சந்தேகப்படுகிற எவரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பிளேடுகளைக் கட்டாயம் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

பிறகு பாகம் பாகமாகப் பிரித்தேன். மெயின் ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) பார்த்தால் கால் மில்லிமீட்டர் ஓட்டம், அதாவது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. பிளேடுகளைத் தாங்குகிற ஃபெதரிங் ஷாஃப்டைக் கண்ணாடி மேல் உருட்டினேன், தத்தித் தத்தி உருண்டது. பல ஆலன் போல்ட்டுகளின் உள்முனை மழுங்கியிருந்தது; மரைகளில் காய்ந்துபோன பழைய லாக்டைட் (போல்ட் தளராமல் இருக்கப் போடும் பசை) ஒட்டியிருந்தது. எல்லாம் பழசாக இருக்க, மெயின் கியர் மட்டும் புத்தம் புதிது. விழுந்த ஹெலியில் முதலில் பல் உடைவது அந்தக் கியர்தான். சந்தையில் இருக்கும் 450 ஹெலிகளில் பல, அலைன் கம்பெனியின் டி-ரெக்ஸ் 450-ஐப் பார்த்துச் செய்யப்பட்டவை. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் உடைந்த நாலைந்து ஹெலிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது பெரிய வேலையில்லை.

லிப்போ பேட்டரியும் புதிதில்லை. ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட், ஓட்டாமல் எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் ஒரு செல் 3.1-இல் கிடந்தது, பக்கவாட்டில் உப்பலும் இருந்தது. உப்பிய லிப்போவைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வீட்டில் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

கேட்டதற்கு, "உங்க கையில விழுந்ததுதான்" என்று சொல்லிவிட்டார். என் மகன் ஒவ்வொரு வகுப்பையும் வீடியோ எடுத்திருந்தான்; ஒரு முறைகூட அது விழவில்லை. பில்லுக்குப் பதில் அவர் கொடுத்தது 'ஹெலி செட் + கோச்சிங்' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. நல்லவேளை, பணம் ஜிபேயில் போனதால் அதற்குப் பதிவு இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். என் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

வயதானால் எதுவுமே மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குக் கண்ணாடி தொந்தரவு கொடுத்தது. பைஃபோகலில் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. தாழ்வாக நிற்கும் ஹெலியை அதன் வழியாகப் பார்த்தால் மங்கும். தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. இதைத்தான் ஒரு பயிற்சியாளர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சிமுலேட்டரில் வால் நம் பக்கம் இருக்கும்படி நிறுத்திப் பழகுகிறேன், மாலையில் குட்டி ஹெலி. இரண்டிலும் கை நடுங்கவில்லை.

கோவைப் பக்கம் இப்படி 'புது' ஹெலி வாங்கி, ஆட்டத்துக்கு உங்கள் வயதுதான் காரணம் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மெயின் ஷாஃப்டையும் ஃபெதரிங் ஷாஃப்டையும் கழற்றி எடுத்து வாருங்கள். டயல் கேஜ் வைத்துப் பார்த்து, அளவை எழுதித் தருகிறேன். புகாரோடு அதையும் இணைத்துக்கொள்ளலாம்.