தண்டர்பேர்ட் 350-க்கு ‘பிக் போர் கிட்’ போடப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் வண்டி ராயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் 350. பிக் போர் கிட் (சிலிண்டரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது), ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன்), பெர்ஃபார்மன்ஸ் கேம் (வால்வைத் திறந்து மூடும் பாகம்), ஹெட் போர்ட்டிங் (சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் காற்று போகும் வழியைச் சீராக்குவது), டைனோ டியூனிங் (சக்தியை மெஷினில் அளந்து சரி செய்வது) எல்லாம் சேர்த்து என்று சொல்லி ஒரு கடையில் 78,000 ரூபாய் வாங்கினார்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது ஒரிஜினலைவிட அரை மில்லிமீட்டர் மட்டும் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன். பழைய வண்டிக்கு எந்த லேத் பட்டறையிலும் செய்து தரும் சாதாரண ரீபோர். அதைச் செய்யும்போது ஹெட்டையும் கெடுத்து வைத்திருந்தார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடை பெயரை இங்கே எழுதவில்லை. தனிச் செய்தியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவர்கள் கையாண்ட முறைகளை மட்டும் முழுதாக எழுதுகிறேன். அந்த ஒரு கடையோடு நிற்கிற முறைகள் இல்லை இவை.

தண்டர்பேர்ட் ஓட்டுபவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நெடுஞ்சாலையில் தனியாகப் போகும்போது இதைவிடச் சுகமான வண்டி கிடையாது. வண்டியே 190 கிலோவுக்கு மேல். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, 20 லிட்டர் டேங்க் நிறைய பெட்ரோல் என்று மலை ஏறினால் மூன்றாவது கியரில் மூச்சு வாங்கும். நான் கேட்டது டாப் ஸ்பீடு இல்லை, இழுவை. இன்ஜின் பாஷையில் டார்க், நியூட்டன் மீட்டரில் அளப்பது. கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். “ப்ரோ, 28 நியூட்டன் மீட்டர் இருக்கிறத 40 ஆக்கித் தர்றேன். ஃபைவ் ஹண்ட்ரட் மாதிரி இழுக்கும். ஆர்டிஓ பிரச்சினை எதுவும் வராது, எல்லாம் உள்ளதான் இருக்கு” என்றார்.

இந்த 40 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தண்டர்பேர்ட் 350-இன் கொள்ளளவு 346 சிசி, டார்க் 28 நியூட்டன் மீட்டர். தண்டர்பேர்ட் 500 என்றால் 499 சிசி, 41.3. பழைய கான்டினென்டல் ஜிடி 535 சிசி, 44. மீட்டியோர் 350-இல் 349 சிசி, 27. சூப்பர் மீட்டியோர் 650-இல் 648 சிசி, 52.3. எதை வகுத்துப் பார்த்தாலும் 100 சிசிக்கு 8 நியூட்டன் மீட்டர் அளவில்தான் வந்து நிற்கும். டர்போ இல்லாமல், காற்றை அதுவாகவே இழுத்துக்கொள்ளும் இந்த வகை ராயல் என்ஃபீல்ட் இன்ஜின்கள் இவ்வளவுதான் தருகின்றன. லிக்விட் கூலிங், டபுள் ஓவர்ஹெட் கேம், நான்கு வால்வு என்று புதிதாக வடிவமைத்த ஹிமாலயன் 450-இல் கூட, 452 சிசியில் 40தான். அப்படியென்றால் கம்பி தள்ளி வால்வைத் திறக்கும் பழைய பாணி புஷ்ராடு இன்ஜினான என்னுடையதில் 40 வர வேண்டுமானால் கொள்ளளவு 490 சிசி பக்கம் போக வேண்டும்.

எவ்வளவு பெரிய பிஸ்டன் வேண்டும் என்பதும் கணக்கில் அடங்கும் விஷயம்தான். என் இன்ஜினில் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 90. போரை ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் சுமார் 10 சிசி கூடும். 490 வர 83 மில்லிமீட்டருக்கு மேல் பிஸ்டன் வேண்டும். இருக்கிற சிலிண்டரைக் குடைந்து அதை உள்ளே விட முடியாது. சிலிண்டர், ஹெட், வால்வு, கார்புரேட்டர் எல்லாம் மாற வேண்டும், பிஸ்டன் எடை கூடுவதால் கிராங்க் பேலன்ஸையும் பார்க்க வேண்டும். 78,000 ரூபாயில் முடிகிற வேலையா என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது இந்தக் கடைகளுக்கு நன்றாகத் தெரியும். இனிமேல் யார் வந்து எவ்வளவு டார்க் தருகிறேன் என்றாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: போர் எத்தனை மில்லிமீட்டர் ஆகிறது, சிசி எவ்வளவு வருகிறது?

வண்டியை எடுக்கப் போன அன்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். உண்மையிலேயே பிக்கப் கூடியிருந்தது. முதல் இரண்டு கியரில் சட்டென்று எகிறியது, சைலன்சர் சத்தமும் கனத்திருந்தது. அந்த டெஸ்ட் ரைடில் யாராக இருந்தாலும் நம்பித்தான் இருப்பார்கள். பிறகுதான் தெரிந்தது, செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்பிராக்கெட்டைப் பல் குறைந்ததாக மாற்றியிருக்கிறார்கள். சில நூறு ரூபாய் சாமான். பல் குறைந்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். இன்ஜினின் சக்தி ஒரு துளியும் கூடாது. நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் முன்பைவிட மேலே நிற்பதைக் கவனித்துக் கேட்டதற்கு, “பெர்ஃபார்மன்ஸ் கேம் அப்படித்தான் ப்ரோ ரெவ் ஆகும்” என்று பதில் வந்தது. கேம் எப்படிப்பட்டதாக இருந்தாலும், கிளட்ச் வழுக்காத வரை, கியரும் ஸ்பிராக்கெட்டும் டயரும் மாறாமல் ஒரே வேகத்தில் ஆர்பிஎம் மட்டும் மாற வழியே கிடையாது. யாராவது இப்படிச் சொன்னால் அங்கேயே ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றச் சொல்லிப் பல்லை எண்ணுங்கள்.

அடுத்தது டைனோ ஷீட். வண்ணத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 40 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்பிஎம். வண்டி எண் இல்லை, தேதி இல்லை, வேலைக்கு முன் எடுத்த அளவும் இல்லை. அந்தத் தாள் பொய் என்பதற்கு ஆதாரம் அந்தத் தாளிலேயே இருந்தது. பவர், டார்க், ஆர்பிஎம் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் பிஎச்பி வந்துவிடும். 4000 ஆர்பிஎம்மில் 40 நியூட்டன் மீட்டர் உண்மையென்றால் அதே இடத்தில் பவர் 22 பிஎச்பியைத் தாண்டியிருக்க வேண்டும். தாளில் இருந்த வளைகோடு 4000-இல் காட்டியது 14. திருப்பிக் கணக்கிட்டால் 25 நியூட்டன் மீட்டர், அதாவது கம்பெனியிலிருந்து வந்தபோது பின்சக்கரத்தில் என்ன கிடைத்திருக்குமோ ஏறக்குறைய அதே அளவு. கோடு மெஷின் போட்டது, மேலே இருந்த எண் யாரோ தட்டச்சு செய்தது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது இன்ஜின் போன பிறகு.

கொல்லிமலையில்தான் போனது. காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுவதற்குள் த்ராட்டிலைத் திருகும்போதெல்லாம் உள்ளே கிணிகிணி என்று ஒரு சத்தம். வெயில், ஏற்றம், பின்னால் ஆள். இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று மாறி, பின்சக்கரம் ஒரு கணம் சுற்றாமல் இறுகிப் பிடித்து, பிறகு விடுபட்டது. கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்த முடிந்தது எங்கள் நல்ல நேரம். அந்த இடத்தில் வளைவுக்கு வெளிப்பக்கம் பள்ளம். பின்னால் ஒரு பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. ஏமாந்த பணத்தைப் பற்றிக்கூட அமைதியாகப் பேச முடிகிறது, இதைப் பற்றி இன்னும் முடியவில்லை. பின் சீட்டில் ஒரு உயிர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இப்படி வேலை செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

குட்டியானையில் ஏற்றி நாமக்கல் கொண்டுவந்தோம். பழைய புல்லட்டுகளில் கை தேர்ந்த ஒரு மெக்கானிக். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போல அலுமினியப் பொடி. “தம்பி, இது பிஸ்டன்ல இருந்து வந்தது. இதுக்கு மேல ஸ்டார்ட் பண்ணக் கூடாது” என்றார்.

ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டன் தலையைத் துணியால் துடைத்தார். கரிக்கு அடியில் 0.50 என்று குத்தியிருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் எலி கரண்டியது மாதிரி அரித்துப்போய், மேல் ரிங் உட்காரும் இடம் உடைந்திருந்தது. பக்கத்து லேத் பட்டறையில் போர் கேஜ் விட்டுப் பார்த்தோம்: 70.5 மில்லிமீட்டர். 351 சிசி. ஃபோர்ஜ்டு என்று பணம் வாங்கியது சாதாரண வார்ப்புப் பிஸ்டன். கேம் இரண்டும் கம்பெனியுடையது, கழற்றிய அடையாளம்கூட இல்லை. போர்ட்டிங் என்று சொன்ன இடத்தில் எமரி பேப்பர் தேய்த்த கோடுகள் விரல் எட்டும் தூரம் வரை மட்டும்.

இன்ஜின் போனதற்குக் காரணம் ஹெட். கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் உள்ளே நசுங்கும் அளவு) கூட்டுவதற்காக அதன் அடிப்பாகத்தை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவியிருந்தார்கள். வேறொரு ஹெட்டைப் பக்கத்தில் வைத்து வெர்னியரில் மெக்கானிக் அளந்து காட்டினார். 8.5-ஆக இருக்க வேண்டிய கம்ப்ரஷன் ரேஷியோ இதனால் 9-ஐத் தாண்டிவிடும். மீட்டியோர் 350 இதைவிடக் கூடுதலாக 9.5-இல் ஓடுகிறதே என்று கேட்கலாம். அந்த ஹெட்டும் ஃபியூல் இன்ஜெக்ஷனும் அந்த அளவுக்கென்றே வடிவமைத்தவை. என் வண்டியில் ஹெட்டைச் சீவி, சத்தம் வர ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரை மாட்டியவர்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைத் தொடவே இல்லை. காற்று கூடி பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிளக் தீப்பொறி கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எரிபொருள் தானாகவே வெடித்திருக்கிறது. நாங்கள் கேட்ட கிணிகிணி அதுதான். ஏற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டால் உடனே த்ராட்டிலைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடுங்கள், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள்.

கடைக்குப் போன் செய்தால் முதலில் “ரன்னிங் இன் ஒழுங்கா பண்ணல” என்றார்கள். பிறகு பெட்ரோல் தரமில்லை என்றார்கள். 0.50 பிஸ்டனைப் படம் எடுத்து அனுப்பியதும், அதை நாமக்கல் மெக்கானிக்தான் மாற்றிப் போட்டிருப்பார் என்றார்கள். நேரில் போனபோது வேறு ஒருவர் வந்து குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார்: “எங்க வேணா போய்க் கம்ப்ளைன்ட் பண்ணுங்க. இன்ஜின ஆல்டர் பண்ணக் கேட்டது நீங்கதான?”

நிறைய பேர் வாய் திறக்காமல் போவது இந்த ஒரு கேள்வியால்தான். அது வெறும் மிரட்டலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019-இல் திருத்தி எழுதிய 182ஏ பிரிவில் உரிமையாளருக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதைக் காரணம் காட்டி கிளைம் தர மறுக்கலாம். “உள்ளதான் இருக்கு, யாருக்குத் தெரியும்” என்று சொல்லி வேலை எடுக்கிற கடை, பின்னாளில் அதே விஷயத்தை உங்கள் கழுத்துக்குக் கத்தியாக வைக்கும்.

என் வழக்கறிஞர் சொன்னது: உங்கள் வண்டியில் கொள்ளளவை மாற்றும் வேலை நடக்கவே இல்லை. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ரீபோர் செய்வது தேய்ந்த இன்ஜினுக்குச் செய்கிற பழுதுபார்ப்பு. நம் புகார், போடாத சாமானுக்குப் பணம் வாங்கியதும், கெட்ட வேலையால் இன்ஜின் உடைந்ததும். அந்தச் சைலன்சரைக் கழற்றி ஒரிஜினலை மாட்டிவிட்டு நோட்டீஸ் அனுப்பினோம், பதில் வரவில்லை, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து வைப்பதும் நல்லது.

கடை கொடுத்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி பில் இல்லை. காப்பாற்றியது வாட்ஸ்அப். எந்தெந்த சாமான், எவ்வளவு விலை, 40 நியூட்டன் மீட்டர் என்று அவர்களே அனுப்பிய செய்தியும் யுபிஐ-இல் பணம் போன பதிவும் அப்படியே இருக்கின்றன. பிஸ்டன், பிளக், ஹெட் மூன்றையும் கழற்றியபடியே, அளந்த லேத் பட்டறையின் எழுத்துச் சான்றோடு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் இன்ஜினைத் தனியாகப் பிரிக்க விடாதீர்கள். கூடவே இருந்து வீடியோ எடுங்கள், பழைய சாமான் எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இழுவை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாமக்கல் மெக்கானிக் சொன்னதையே சொல்கிறேன். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், கிளட்ச் வழுக்குகிறதா பாருங்கள், கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் சரி செய்யுங்கள். பல வண்டிகளில் போன இழுவை பாதி அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது. மலைதான் அதிகம் ஏறுவீர்கள் என்றால், என்ன செய்கிறோம் என்று தெரிந்தே ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொள்ளலாம். டாப் ஸ்பீடு சற்றுக் குறையும், மைலேஜும் குறையும், ஆனால் இன்ஜினுக்குள் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. அதுவும் போதவில்லை என்றால் பழைய 500-ஐயோ, கையில் காசு இருந்தால் 650-ஐயோ பாருங்கள். நான் இப்போது கம்பெனி ஹெட், புதிய பிஸ்டன், பழைய ஸ்பிராக்கெட் என்று எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஓட்டுகிறேன். கொல்லிமலைக்கு மறுபடி போனபோது மூன்றாவது கியரில் அதே பழைய மூச்சு வாங்கல்தான். இன்ஜினில் சத்தம் இல்லை. அடுத்த விசாரணை தேதி வந்ததும் என்ன நடந்தது என்று இதிலேயே எழுதுகிறேன்.