பாஞ்சாலங்குறிச்சி ஒரு நாள் வேன் பயணம்: ஊமைத்துரையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

காலையில் திருநெல்வேலியில் ஏறி, கயத்தாறும் பாஞ்சாலங்குறிச்சியும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும் வேன் பயணம், மதியச் சாப்பாட்டோடு தலைக்கு 900 ரூபாய். அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். வண்டி சுத்தம், ஓட்டுநர் நிதானம், சாப்பாடு சுமார். என் மனத்தாங்கலெல்லாம் கதையை எங்கே நிறுத்தினார்கள் என்பதில்தான்.

கயத்தாற்றில் அவசரப்படுத்தவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனை கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் புளியமரத்தில் தூக்கிலிட்டதை வழிகாட்டித் தம்பி சொல்லச் சொல்ல, அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். அப்புறம் பாஞ்சாலங்குறிச்சி. 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, ஜக்கம்மா கோயில், பழைய கோட்டையின் அடித்தளம் எல்லாம் காட்டினார்கள். அதோடு "வண்டிக்குப் போகலாம் சார்" என்றுவிட்டார்கள்.

போர் அதோடு முடியவே இல்லையே! கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில் அடைத்து வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று, கம்பெனி அதிகாரி மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் சிறையிலிருந்து தப்பினார். துரத்தி வந்த கம்பெனிப் படைக்கு அதிர்ச்சி, பாஞ்சாலங்குறிச்சியில் இடித்துப்போட்ட மண்கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நிற்கிறது. மார்ச் 31 அன்று பீரங்கியோடு மோதியும் உள்ளே நுழைய முடியவில்லை, கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்த பிறகு மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. காயத்தோடு தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார், பிடிபட்டதும் நவம்பர் 16 அன்று இதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். அதாவது நாங்கள் நின்றுகொண்டிருந்த ஊரில். அதைச் சொல்லாமல் எப்படி வண்டி ஏறச் சொல்வது?

நான் விடாமல் கேட்டதும் அந்தத் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நேரம்தான் கொடுக்கவில்லை. கீழே கிடந்த துரும்புகளைப் பொறுக்கி என் பையனின் இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்கி, "இதுதான் வெள்ளைக்காரன் படை" என்றார். அப்புறம் பையனின் வலது கையைப் பிடித்து, வாயால் விர்ரென்று சத்தம் எழுப்பி, ஒரே வீச்சில் அத்தனையையும் தள்ளிவிட்டார். பேச வராத ஊமைத்துரை தாக்குதலுக்கு உத்தரவிட்டது இப்படித்தான். எதிர்ப்பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தது இது. வீட்டுக்கு வரும்வரை பையன் அதையே செய்துகொண்டு வந்தான்.

பயண நிறுவனத்துக்கு இரண்டு கோரிக்கை. புறப்படும்போதே பாளையங்கோட்டையில் கோட்டைக் கொத்தளத்தின் மிச்சத்தைக் காட்டிவிடுங்கள், பெரிய சுற்று ஒன்றும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சி பக்கத்தில் இருக்கும் கம்பெனிக்காரர் கல்லறைகளிலும் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள், எதிரிக்கு என்ன விலை ஆனது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். திரும்பும் வழியில் டீக்கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம், அதில் பாதி போதும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், அந்த அரையும் வழிகாட்டித் தம்பிக்காக. போகிறவர்கள் வண்டி ஏறும்போதே அவரிடம் ஊமைத்துரை கதை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.