அம்மாவின் படங்களை விழுங்கிய 512 ஜிபி கார்டு

சேலத்தில் டேப்லெட்டுக்கு மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவின் டேப்லெட் 64 ஜிபி. இரண்டு மாதமாக இடமில்லை, இடமில்லை என்று ஒரே புலம்பல். புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன். "ஒவ்வொண்ணா எதுக்குங்கண்ணா டெலீட் பண்ணிட்டு? 512 ஜிபி கார்டு இருக்குது, எல்லாத்தையும் அதுல தூக்கிப் போட்டுரலாம்" என்றார் கடைக்காரர். கார்டு 650 ரூபாய், மாற்றித் தர 150. அந்த விலைக்கு 512 ஜிபி எப்படி வரும் என்று எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, "கார்டுக்கெல்லாம் பில் போடறதில்லைங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அவர் வேலையை முடிப்பதற்குள் எதிரே இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டேன். அன்று கொடுத்த காசுக்கு ஒழுங்காகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

நான்கு நாள் கழித்து ஏற்காட்டிலிருந்து சித்தி வந்திருந்தார். மலர்க் கண்காட்சிக்குப் போனபோது எடுத்த படங்களைக் காட்ட அம்மா டேப்லெட்டைத் திறந்தால், பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறக் கட்டம். ஃபைலின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, படம் மட்டும் இல்லை.

போலி கார்டு இப்படித்தான் வேலை செய்யும். உள்ளே இருப்பது சின்னச் சிப். டேப்லெட் கேட்டால் 512 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் கார்டு மறுக்காது. வருவதையெல்லாம் வாங்கிக்கொள்வதுபோல் நடித்து, ஒன்று பழையதன் மேலேயே எழுதும், இல்லாவிட்டால் தூக்கி எறிந்துவிடும். கடைக்காரர் 'காப்பி' கொடுக்காமல் 'மூவ்' கொடுத்திருந்ததால் டேப்லெட்டிலும் எதுவும் மிஞ்சவில்லை. பிழைத்த படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் கார்டைச் சோதித்தேன். ஒரு நாள் முழுக்க ஓடியது. நிஜ அளவு 14 ஜிபி சொச்சம்!

திரும்பப் போய்க் கேட்டால், "வைரஸ் ஏறியிருக்கும்ங்க, 2,500 குடுத்தா ரெக்கவரி பண்ணித் தரேன்" என்கிறார். எழுதப்படாத படத்தை எங்கிருந்து மீட்பார்? தயவுசெய்து இந்த இரண்டாம் வலையில் விழாதீர்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கார்டே தேவைப்பட்டிருக்காது. மிஞ்சியிருந்த பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் இடத்தை அடைத்ததில் பெரும்பகுதி குரூப்பில் வந்த வாட்ஸ்அப் வீடியோக்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நிற்கும். அங்கேயே அழித்திருக்கலாம், பைசா செலவில்லாமல். கார்டுதான் வேண்டுமென்றால் பில்லோடு வாங்குங்கள், சோதித்த பிறகு காப்பி மட்டும் செய்யுங்கள், படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் டேப்லெட்டில் அழியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. நானும் புகார் செய்யப் போகிறேன், ஆனால் பில் இல்லாமல் கையில் இருப்பது அந்தக் கார்டு மட்டும்தான். மலர்க் கண்காட்சிப் படங்களில் கொஞ்சம் சித்தியின் போனில் இருந்தது. அம்மா அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறார்.