நிலாவெளிப் புறாத்தீவா, ஹிக்கடுவையா?

முருகைக்கற்பாறைகளைப் பார்ப்பதற்கென இலங்கையில் ஒரேயொரு நாளை ஒதுக்குபவர்கள், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்கும் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக்கும் இடையில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். இதில் பாதித் தீர்மானத்தைக் காற்றே எடுத்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் கடல் கொந்தளித்துக் கலங்கியிருக்க, கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும்; மாரி பிறந்து வாடை எழுந்தால் நிலைமை தலைகீழாகும். டிசம்பரில் நிலாவெளியில் அறை எடுத்துவிட்டுப் படகுக்காரரை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

மூச்சுக்குழாயும் முகமூடியும் மட்டும் அணிந்து மிதப்பதற்கு என் தெரிவு புறாத்தீவே. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் படகில் சென்று இறங்கினால், இடுப்பளவு தண்ணீரைத் தாண்டியதுமே பாறை தொடங்கிவிடும். காதுகள் நீருக்குள் அமிழ்ந்ததும், கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ‘நறுக் நறுக்’ ஓசை கேட்கும். சற்றுப் பொறுமையாக மிதந்தால், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆளைக் கண்டு தாமாகவே விலகிப்போவதையும் காணலாம். தீவின் கரையே உடைந்த முருகைக்கல் துண்டுகளாலானதால் வெறுங்காலுடன் நடப்பது வேதனை. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடமென்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு; வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அது கணிசமாகவே கூடும், படகுக்கூலி வேறு.

ஹிக்கடுவையில் படகே தேவையில்லை. விடுதி வாசலிலிருந்து நடந்தே கடலில் இறங்கலாம், கொழும்பிலிருந்து ரயிலிலும் வந்துவிடலாம். ஆனால், 1998இல் கடல் சூடேறி முருகைகள் வெளிறியபோது அங்கு ஆழமற்ற பகுதியின் உயிர்ப்பாறை பெரும்பாலும் அழிந்தது. இன்று கரையோரத்தில் ஆட்களை ஈர்ப்பவை ஆமைகளே. அவற்றுக்குப் பாசி ஊட்டிப் படமெடுக்கும் நெரிசலை நான் ரசிப்பதில்லை.

ஆயினும், காற்றுக்கலன் சுமந்து ஆழத்துக்குச் சுழியோடுபவருக்குக் கணக்கு மாறுகிறது: 1903இல் மூழ்கிய ‘கொன்ச்’ என்ற எண்ணெய்க் கப்பலின் சிதைவைக் காண ஹிக்கடுவையிலிருந்தே புறப்படுகிறார்கள். சான்றிதழ் பெற்ற சுழியோடிகளுக்கு அதுவே புறாத்தீவைவிடப் பெறுமதியான நாள். ஆனால், பலமுறை சுழியோடியபின் விமானம் ஏற குறைந்தது 18 மணிநேரம் பொறுக்க வேண்டுமென்பதால், கட்டுநாயக்கவுக்குப் புறப்படும் நாளில் அதை வைத்துக்கொள்ள முடியாது.