ஜேர்மன் விரலா, பரோக் விரலா?

மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக்கடையில் பிள்ளைக்கு றெக்கோடர் வாங்கப் போகிறவர் (வீட்டு மூத்தவர்களிடம் அது கசெற் போடும் பெட்டியல்ல, ஊதும் குழல் என்று முதலில் விளக்கவேண்டியிருக்கும்) நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடுவது வழக்கம். ஆனால் நிறமும் நீளமும் ஒன்றாயிருக்கும் இரண்டு குழல்களின் விரலமைப்பு (எந்தச் சுரத்துக்கு எந்தத் துளைகளை மூடுவது என்ற முறை) வேறாக இருக்கலாம். யமஹாவின் வைஆர்எஸ் 23 ஜேர்மன் முறையிலும் வைஆர்எஸ் 24பி பரோக் முறையிலும் அமைந்தவை. எழுத்து அழிந்திருந்தால் துளைகளைப் பார்த்தே அறியலாம்: முன்பக்கத்தில் மேலிருந்து ஐந்தாவது துளை நான்காவதைவிடச் சிறிதாயிருந்தால் அது ஜேர்மன் குழல்.

முதல் சில வாரங்களுக்கு இரண்டிலும் பேதமே தெரியாது. இடக்கையால் எழும், மேற்கத்தியப் பெயரில் பி, ஏ, ஜி ஆகிய சுரங்களும், பெருவிரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்து எடுக்கும் மேல் சி சுரமும் இரண்டிலும் ஒன்றே. வலக்கைக்கு வந்து, கீழ் எஃப் சுரத்தைத் தொடும்போதுதான் வழி பிரிகிறது.

ஜேர்மன் குழலில் இடக்கைத் துளைகள் யாவற்றையும் மூடி, வலக்கைச் சுட்டுவிரலை மட்டும் சேர்த்தால் எஃப் கிடைத்துவிடும். ஆகவே சி தொடக்கம் ஜி வரை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம். இசைக்கருவி செய்பவரான பீட்டர் ஹார்லான் 1920களில் ஜேர்மனியில் இம்முறையைப் பரப்பியபோது, அதன் கவர்ச்சி இந்த எளிமையிலேயே இருந்தது. பரோக் குழலிலோ சுட்டுவிரலோடு மோதிரவிரலும் சுண்டுவிரலும் அழுந்த, நடுவிரல் மட்டும் மேலே நிற்கவேண்டும். ஈ சுரத்திலிருந்து எஃப் சுரத்துக்குப் போகையில் நடுவிரல் எழும் அதே கணத்தில் மற்ற இரண்டும் விழாவிட்டால், இடையில் ஓர் அந்நியச் சுரம் விக்கல்போல் எட்டிப்பார்க்கும். இந்த இரண்டு சுரங்களை மட்டும் மெதுவாக, முன்னும் பின்னுமாகத் தினமும் ஊதுவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவில் ஜேர்மன் முறையே மேல் என்று தோன்றும். ஆனால் ஜி சுரத்தில் தொடங்கும் ஜி மேஜர் என்ற சுரவரிசை வந்ததும் கணக்கு மாறுகிறது. அதற்கு வேண்டிய எஃப் ஷார்ப் (எஃப் சுரத்துக்கு அரைச்சுரம் மேலானது), பரோக் குழலில் இடக்கை விரல்களோடு வலக்கை நடுவிரலும் மோதிரவிரலும் சேர இயல்பாக ஒலிக்கும். ஜேர்மன் குழலில் அதே சுரத்தின் சுருதி சுத்தமாக நிற்பதில்லை. மூச்சைக் கூட்டியும் குறைத்தும் சமாளிக்கவேண்டியிருப்பதால், தொடக்கத்தில் மிச்சம் பிடித்த சிரமம் இங்கே வட்டியோடு திரும்பி வருகிறது.

எங்கள் பகுதியில் பல பிள்ளைகளின் செவி ஏற்கெனவே கர்நாடக சங்கீதத்துக்குப் பழகியிருப்பதால், இராகங்களை வைத்தும் இதை அளந்து பார்க்கலாம். சி சுரத்தை ஆதார சட்ஜமாக (சா) கொண்டால் சங்கராபரணத்துக்கு மத்திமமாக (மா) எஃப் தேவை. ஜேர்மன் குழல் அங்கே முந்தும். அதே சட்ஜத்தில் கல்யாணிக்கு மத்திமமாக எஃப் ஷார்ப் தேவை. அங்கே பரோக் முந்தும். மத்திமமே இல்லாத மோகனத்திலும் அம்சத்வனியிலும் இரண்டும் சமம். மோகனத்தின் அதே ஐந்து விரலமைப்புகளை வைத்துக்கொண்டு டி சுரத்தைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதியும், ஈ சுரத்தைச் சட்ஜமாக்கினால் இந்தோளமும் பிறக்கின்றன. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆராய்ந்த, பழந்தமிழ் இசையின் பாலைத் திரிபும் இவ்வாறு தொடக்கச் சுரத்தை மாற்றும் தத்துவமே என்பதால், புதிய விரல் எதுவும் கற்காமலே பல இராகங்களை ஊதிப் பார்க்கும் இந்தப் பயிற்சியைச் சி மேஜருக்கு முன்பாகவே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

வகுப்பில் இரண்டு வகைகளும் கலந்திருப்பதே பெருந்தொல்லை. ஜேர்மன் விரலமைப்பு அட்டவணையைப் பார்த்துப் பரோக் குழலில் எஃப் ஊதும் பிள்ளைக்குச் சுரம் தெளிவாக ஏறியே ஒலிக்கும். பிள்ளையோ தன் செவியையோ மூச்சையோ பழிக்கும். ஆசிரியர் முதல் நாளிலேயே எல்லோருடைய ஐந்தாவது துளையையும் பார்த்துவிடுவது நல்லது.

இனித்தான் வாங்கப்போகிறவர் பரோக் குழலையே கேட்டு வாங்கவேண்டும். எஃப் சுரத்துக்காகப் படும் பாடு சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஜேர்மன் குழல் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை வீசத் தேவையில்லை. மோகனமும் சங்கராபரணமும் அதில் நன்றாகவே வரும். கல்யாணியைத் தொடங்கும் நாளில் மற்றதை வாங்கிக்கொள்ளலாம்.