குடலை அடைத்த பித்தக்கல்: கல்லோடு நிறுத்துவதா, பித்தப்பை வரை போவதா?

எழுபது, எண்பது வயதில் வாந்தியும் வயிற்று உப்புசமுமாக ஒருவர் வருகிறார். வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு இல்லை, குடலிறக்கமும் இல்லை. அப்போது மனதில் வரவேண்டிய காரணங்களில் ஒன்று பித்தக்கல். குடல் அடைப்புகளில் இதன் பங்கு 1 முதல் 4 சதவீதம்தான். ஆனால் வயது ஏற ஏற, அதிலும் பெண்களிடம், அந்தப் பங்கு கூடும். நாள்பட்ட அழற்சியால் பித்தப்பை முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்ள, உள்ளிருக்கும் பெரிய கல் இரண்டு சுவர்களையும் அரித்து வழி உண்டாக்கிக் குடலுக்குள் விழுகிறது. சிறிய கல் மலத்தோடு போய்விடும். 2 அல்லது 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால், சிறுகுடலின் குறுகலான கடைசிப் பகுதியில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இந்த நோயின் சூழ்ச்சி, வலி விட்டு விட்டு வருவதுதான். கல் ஓரிடத்தில் சிக்கும், நழுவும், கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி சிக்கும். இடையில் வாந்தி நின்றால் 'அஜீரணம்தான், சரியாகிவிட்டது' என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். அப்படியே சில நாட்கள் ஓடிவிடும். உடலில் நீர் வற்றி, சிறுநீரகமும் தளர்ந்த பிறகுதான் பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி ஸ்கேன் மூன்றில் எதை நம்புவது? குடல் வீக்கம், பித்தநாளத்தில் காற்று, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கல் என்ற மூன்று அடையாளங்களைக் கதிரியக்க மருத்துவர் ரிக்ளர் 1941-இல் எக்ஸ்ரேயை வைத்தே வகுத்தார். ஆனால் மூன்றும் ஒரே படத்தில் தெரிவது பாதிப் பேருக்குக்கூட இல்லை. கொழுப்புக் கற்களில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் எக்ஸ்ரேயில் நிழல் விழாது. அல்ட்ராசவுண்ட் பித்தப்பையை நன்றாகக் காட்டும், ஆனால் உப்பிய குடலின் காற்று அதற்கும் திரை போட்டுவிடும். சிடி பத்தில் ஒன்பது பேருக்குமேல் நோயைப் பிடித்துவிடுகிறது. கல் எங்கே நிற்கிறது, பின்னால் இன்னொரு கல் வருகிறதா, பித்தப்பையில் சீழ் இருக்கிறதா என்பதையும் சொல்கிறது. எந்த அறுவை என்று தீர்மானிப்பதே இந்த விவரங்கள்தான். சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சாய மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சிடியையே தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாய மருந்து இல்லாமல் எடுத்த படத்திலும் அடைப்பும் காற்றும் பெரும்பாலும் தெரியும். குடல் சுவரின் ரத்த ஓட்டத்தை மட்டும் அது சரியாகக் காட்டாது. ஒரு எச்சரிக்கை: பித்தநாள வாயை முன்பு எண்டோஸ்கோப்பியில் வெட்டியிருந்தாலும் பித்தநாளத்தில் காற்று இருக்கும், அதனால் காற்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

சலைன், ரத்தத்தில் பொட்டாசியம் திருத்தம், இரைப்பையைக் காலிசெய்யும் மூக்குவழிக் குழாய் ஆகியவை எல்லோருக்கும் பொது. உண்மையான வாக்குவாதம் அதன் பிறகுதான்.

ஒரு தரப்பு, கல்லை மட்டும் எடு என்கிறது. கல்லைச் சற்று மேலே, சேதமில்லாத குடலுக்குத் தள்ளி, நீளவாக்கில் கீறி எடுத்து, குடல் குறுகாதபடி குறுக்குவாக்கில் தைத்துவிட்டு வெளியே வந்துவிடுவது. மறுதரப்பு, அதே மயக்கத்தில் பித்தப்பையையும் அகற்றி, குடலுக்குப் போன துளையையும் மூடச் சொல்கிறது. இல்லாவிட்டால் கல் திரும்ப வரும், பித்தநாளத்தில் தொற்று வரும் என்பது அவர்கள் வாதம். வாதம் நியாயமானதுதான். ஆனால் கல்லை மட்டும் எடுத்தவர்களில் மறுபடி அடைப்பு வருவது சுமார் 5 முதல் 8 சதவீதம். பித்தப்பையில் கல் மிச்சமில்லாமல், பித்தம் வடியும் வழியும் திறந்திருந்தால் அந்தத் துளை பலருக்குத் தானாகவே மூடிக்கொள்கிறது.

1994-இல் 1001 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில் இறப்பு, கல்லை மட்டும் எடுத்தவர்களிடம் சுமார் 12 சதவீதம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்தவர்களிடம் சுமார் 17. 2014-இல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கில் இரண்டும் குறைந்து 5, 7 என்று நிற்கின்றன. இவை பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த கணக்குகள். யாருக்கு எந்த அறுவை என்பதை மருத்துவர்களே தேர்ந்தெடுத்தார்கள். வழக்கமாக மிகவும் தளர்ந்தவர்களுக்குத்தான் சிறிய அறுவை செய்வார்கள். அப்படி இருந்தும் அந்தப் பக்கம் இறப்பு குறைவாக இருப்பது யோசிக்க வைக்கிறது. நீர் வற்றி, இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே பலவீனமான எண்பது வயதுக்காரருக்குக் கல்லோடு நிறுத்துவதே என் தேர்வு. பித்தப்பை அழுகியிருந்தால், பித்தம் கசிந்தால், அல்லது இன்னொரு பெரிய கல் உள்ளே காத்திருந்து, உடலும் தாங்கும் நிலையில் இருந்தால் கணக்கு மாறும். குடல் செத்துப்போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் காயம் சிறியது, எழுந்து நடமாடுவது சீக்கிரம். ஆனால் உப்பிய குடலுக்கு நடுவே வேலை கடினம், குடல் முழுவதையும் கையால் தடவிப் பார்க்கும் வசதியும் போய்விடும். எடுத்த கல்லில் தட்டையாகத் தேய்ந்த முகம் இருந்தால், அதோடு உரசிக்கொண்டிருந்த இன்னொரு கல் எங்கோ இருக்கலாம். அதைத் தேடாமல் வயிற்றை மூடக்கூடாது. கேமராவில் கல்லின் இடத்தைக் கண்டு, சிறு கீறல் வழியாக அந்தக் குடலை மட்டும் வெளியே எடுப்பது ஒரு நடுவழி.

லேசர், மின்னதிர்வு கொண்டு எண்டோஸ்கோப்பியில் கல்லை உடைப்பது, கல் முன்சிறுகுடலிலோ பெருங்குடலிலோ நிற்கும்போது முயன்று பார்க்கத் தகும். முன்சிறுகுடல் அடைப்புக்கு 1896-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பூவரேயின் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. கல் பெரிதாக இருந்தால் இந்த முயற்சி அடிக்கடி தோற்கும். உடைந்த துண்டு கீழே இறங்கி மறுபடி அடைப்பதும் உண்டு.

பித்தப்பையை விட்டுவைத்தவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் கழித்து, உடல் தேறியபின் இரண்டாம் அறுவை தேவையா என்று பார்க்கலாம். வலியோ காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ இல்லாத முதியவர்கள் பலருக்கு அது தேவைப்படுவதே இல்லை. மறு அடைப்பு பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வருகிறது. அந்தக் காலத்தில் மறுபடி வாந்தி, உப்புசம் என்று போனால், முன்பு குடலில் பித்தக்கல் எடுத்ததை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லி, பழைய சிடி படத்தையும் காட்டுங்கள்.